ஒரு நாள் இலவச அனுமதி: ஆர்லாண்டோவின் விவிலியப் பூங்காவும் வரிவிலக்கின் வரலாறும்

2001 பிப்ரவரியில், அமெரிக்காவின் ஃபுளோரிடா மாநிலத்து ஆர்லாண்டோ நகரில் ‘ஹோலி லேண்ட் எக்ஸ்பீரியன்ஸ்’ என்னும் பூங்கா திறக்கப்பட்டது. ஏறத்தாழ 15 ஏக்கர் நிலத்தில் பண்டைய எருசலேமின் கடைத்தெருவும், ஆசரிப்புக் கூடாரமும், ஏரோதின் ஆலய முகப்பும், இயேசுவின் வெற்றுக் கல்லறையும் மறுஆக்கம் செய்யப்பட்டிருந்தன. இதை நிறுவிய மார்வின் ரோசென்தால் யூதராய்ப் பிறந்து கிறித்தவரான பாப்டிஸ்ட் போதகர். இது யூதர்களை மதம் மாற்றும் முயற்சி என்ற எதிர்ப்பு தொடக்கத்திலேயே எழுந்தது. எனினும் நீதிமன்றத்திலும் சட்டமன்றத்திலும் ஆண்டுக்கணக்கில் நீடித்தது வேறொரு கேள்வி: இப்பூங்கா சொத்துவரி செலுத்த வேண்டுமா?

ஃபுளோரிடாவில் தனிநபர் வருமானத்தின்மீது மாநில வரி கிடையாது. உள்ளூர்ப் பள்ளிகளும் பொதுச்சேவைகளும் சொத்துவரியைப் பெரிதும் சார்ந்துள்ளன. ஒருவருக்குத் தரப்படும் விலக்கின் சுமை பிறர் தோளில் ஏறும். மதம், கல்வி, அறப்பணி ஆகியவற்றுக்கெனப் பயன்படும் சொத்துகளுக்கு அம்மாநிலச் சட்டம் விலக்களிக்கிறது. நுழைவுச்சீட்டு விற்று, கடைகளும் உணவகமும் நடத்தும் இடம் கேளிக்கைப் பூங்காவே என்பது ஆரஞ்சு கவுண்டி வரி மதிப்பீட்டாளரின் வாதம். காட்சிகள் வழிமுறை மட்டுமே, நற்செய்தி அறிவிப்பே நோக்கம் என்பது நிறுவனத்தின் மறுமொழி. 2005இல் நீதிமன்றம் பூங்காவின் பக்கம் தீர்ப்பளித்தது.

2006இல் மாநிலச் சட்டமன்றம் தனிச்சட்டமே இயற்றியது. விவிலியச் சுவடிகளைக் காட்சிப்படுத்தி, விவிலிய வரலாற்றையும் வழிபாட்டையும் நிகழ்த்திக்காட்டும் இலாபநோக்கற்ற அமைப்பின் சொத்துக்கு விலக்கு உண்டு. ஆனால் ஆண்டுக்கு ஒரு நாளேனும் பொதுமக்களைக் கட்டணமின்றி அனுமதிக்க வேண்டும். சட்டத்தில் எந்தப் பூங்காவின் பெயரும் இல்லை. ஆயினும் அதன் வரையறை யாருக்காகத் தைக்கப்பட்ட சட்டை என்பதில் எவருக்கும் ஐயம் இருக்கவில்லை.

இதன் பின்னணியில் அமெரிக்க உச்ச நீதிமன்றத்தின் இரு தீர்ப்புகளை வைத்துப் பார்க்க வேண்டும். 1970இல், வால்ஸ் வழக்கில், தேவாலயச் சொத்துகளுக்கான வரிவிலக்கை அது ஏற்றது. மருத்துவமனைகள், நூலகங்கள் முதலியவற்றையும் உள்ளடக்கிய பரந்த விலக்கு அது என்பதும், வரி விதித்தால் அரசுக்கும் தேவாலயத்துக்கும் இடையே சிக்கல் பெருகும் என்பதும் காரணங்களாகச் சொல்லப்பட்டன. 1989இல், ‘டெக்சாஸ் மன்த்லி’ வழக்கில், மத இதழ்களுக்கு மட்டும் தரப்பட்ட விற்பனைவரி விலக்கை அதே நீதிமன்றம் செல்லாதென்றது. பலருக்கும் பொதுவான விலக்கு ஏற்புடையது. மதத்திற்கு மட்டுமேயான விலக்கு அரசின் ஆதரவாகிவிடும். இந்த அளவுகோலால் பார்த்தால், ஒரே மறைநூலைப் பெயர்சொல்லிக் குறிப்பிடும் ஃபுளோரிடாச் சட்டம் இரண்டாம் வகைக்கே நெருக்கமானது.

எனினும் பூங்காவின் வாதத்தை எளிதில் ஒதுக்கிவிட இயலாது. இடைக்கால ஐரோப்பாவில் திருப்பாடுகளின் நாடகங்கள் பக்தியாகவும் கேளிக்கையாகவும் ஒருங்கே விளங்கின. பாட்டும் கூத்தும் எந்தப் புள்ளியில் வழிபாடு அல்லாததாகின்றன என்று வரி அலுவலர் முடிவு செய்வாரெனில், அவர் இறையியலாளரின் இருக்கையில் அமர்ந்துவிடுகிறார். அவர் முடிவு செய்யலாகாதெனில், தம்மைச் சமயப்பணி என்று அறிவித்துக்கொள்ளும் எந்தத் தொழிலும் வரிக்கு அப்பாற்பட்டதாகிவிடும். ஃபுளோரிடா இந்த முடிச்சை அவிழ்க்கவில்லை. ஒரு பூங்காவுக்கு மட்டும் வழிவிட்டுக் கடந்து சென்றது.

2007இல் பூங்கா டிரினிட்டி பிராட்காஸ்டிங் நெட்வொர்க் என்னும் கிறித்தவத் தொலைக்காட்சி நிறுவனத்தின் கைக்கு மாறியது. 2020இல் ஊழியர்களில் பெரும்பாலோர் நீக்கப்பட்டனர். 2021இல் நிலம் 3.2 கோடி டாலருக்கு அட்வென்ட்ஹெல்த் என்னும் மருத்துவமனைக் குழுமத்திற்கு விற்கப்பட்டது. அதுவும் ஒரு கிறித்தவத் திருச்சபையோடு இணைந்த, இலாபநோக்கற்ற அமைப்பே.

இந்திய மாணவர்க்கும் இதில் பாடம் உண்டு. குறிப்பிட்ட ஒரு மதத்தை வளர்ப்பதற்கெனச் செலவிடப்படும் வரியைச் செலுத்துமாறு எவரையும் கட்டாயப்படுத்தலாகாது என்கிறது நம் அரசியலமைப்பின் 27ஆம் உறுப்பு. வசூலித்த பணம் எங்கே செல்கிறது என்பதை அது கேட்கிறது. வசூலிக்காமல் விட்ட பணத்தைப் பற்றிய கேள்வியையே ஆர்லாண்டோ எழுப்பியது.