ஒரு துளிக் குருதியை எண்ணக் கற்ற கதை

2017ஆம் ஆண்டில் டெங்குக் காய்ச்சல் இலங்கை முழுவதையும் உலுக்கியது. அவ்வாண்டில் 186,000இற்கும் அதிகமானோர் நோயாளர்களாகப் பதிவாகினர். நானூறுக்கும் மேற்பட்டோர் உயிரிழந்தனர். அந்நாட்களில் என் பேத்தியும் வைத்தியசாலையில் இருந்தாள். பரிசோதனை அறிக்கை வரும்போதெல்லாம் நான் தேடியது ஒரேயொரு எண்ணைத்தான்: குருதிச் சிறுதட்டுக்கள் எத்தனை? இளம் வைத்தியரோ வேறொரு வரியில் விரலை வைத்து, "ஐயா, இதையும் சேர்த்துப் பாருங்கோ" என்றார். நாற்பது ஆண்டுகள் பத்திரிகையில் எண்களை அச்சேற்றிய எனக்கு அந்தச் சிறு தாளை வாசிக்கத் தெரியவில்லை. அந்த வெட்கமே இவ்வரலாற்றைத் தேட வைத்தது.

டெல்ஃப்ட் நகரத்துத் துணி வணிகர் லீவன்ஹூக், 1674இல் தாம் செய்த நுணுக்குக்காட்டியால் செங்குழியங்களைக் கண்டு விவரித்தார். ஆனால் கண்டவற்றை எண்ணுவதற்கு மேலும் ஏறக்குறைய இருநூறு ஆண்டுகள் தேவைப்பட்டன. 1852இல் ஜேர்மனியரான கார்ல் ஃபீயரோர்ட் செங்குழியங்களை முறைப்படி எண்ணினார். ஒரு கன மில்லிமீற்றரில் ஏறத்தாழ ஐம்பது இலட்சம் என்பது அவர் கண்ட விடை. இன்றைய அளவீடும் அதனை அண்டியதே. 1874இல் பிரான்சின் மலாசே, எண்ணும் வேலையை எளிதாக்கும் கண்ணாடிக் கூடு ஒன்றை அமைத்தார். 1879 முதல் போல் ஏர்லிக், சாயங்களின் உதவியால் வெண்குழியங்களை வகை பிரித்தார். 1882இல் இத்தாலியரான பிட்சொட்சேரோ, சிறுதட்டுக்கள் தனிவகை உறுப்புக்கள் என்றும், குருதிப்பெருக்கை நிறுத்துபவை அவையே என்றும் நிறுவினார். 1929இல் வின்ட்ரோப் அறிமுகம் செய்த அளவுக் குழாய், குருதியின் கனவளவில் செங்குழியங்களின் பங்கை அளப்பதை வழமையாக்கியது. பேத்தியின் அறிக்கையில் வைத்தியர் விரல் வைத்த வரி இதுதான். பீ.சீ.வீ. என அதனைச் சுருக்கி அழைப்பர்.

இவ்வளவு முன்னேறியும், பரிசோதகர் நுணுக்குக்காட்டியில் கண்களைப் பதித்துக் கட்டங்கட்டமாக எண்ணவேண்டியிருந்தது. ஒரே குருதியை இருவர் எண்ணினால் இரு விடைகள் வந்தன. இந்நிலையை மாற்றியவர் வைத்தியர் அல்லர்; மின்னியல் அறிந்த அமெரிக்கரான வொலஸ் கோல்டர். குழியங்கள் மின்சாரத்தை எளிதில் கடத்துவதில்லை. உப்பு நீரில் ஐதாக்கிய குருதியை மின்சாரம் பாயும் நுண்துளையொன்றினூடாகச் செலுத்தினால், ஒவ்வொரு குழியமும் கடக்கும்போது மின்தடை கணநேரம் உயரும். அத்துடிப்புக்களின் எண்ணிக்கை குழியங்களின் எண்ணிக்கையைத் தரும். துடிப்பின் உயரம் குழியத்தின் பருமனைச் சொல்லும். சிகரெட் பெட்டியின் செலோபேன் உறையில் சூடான ஊசியால் இட்ட துளையே அவரது முதற் கருவிகளுள் ஒன்றில் இருந்ததாகக் கூறுவர். 1953 ஒக்டோபர் 20ஆம் திகதி இதற்கான காப்புரிமை கிடைத்தது.

ஆயினும் இயந்திரத்திற்கும் ஏமாற்றம் உண்டு. குருதி உறையாதிருக்கக் குழாயில் இடப்படும் ஈ.டீ.ரீ.ஏ. என்ற பதார்த்தம், சிலரின் சிறுதட்டுக்களை ஒன்றோடொன்று ஒட்டச் செய்துவிடும். ஒட்டிய கூட்டத்தை இயந்திரம் சிறுதட்டுக்களாக எண்ணுவதில்லை. உடலில் குறைவே இல்லாதபோதும் அறிக்கையில் எண் வீழ்ந்து நிற்கும். அப்போது குருதியைக் கண்ணாடித் தட்டில் பூசி, மனிதக் கண்ணால் பார்த்தே உண்மையை அறியவேண்டும்.

இனி அந்த வைத்தியரின் விரலுக்கு வருவோம். ஒரு மைக்ரோலீற்றரில் 150,000 முதல் 450,000 வரையான சிறுதட்டுக்கள் இருப்பது வழமை. டெங்குவில் அவை குறையும். ஆயினும் பெரிய ஆபத்து, குருதிக் குழாய்களிலிருந்து திரவம் கசிவதிலேயே உள்ளது. திரவம் வெளியேற, எஞ்சிய குருதி தடிக்கும், பீ.சீ.வீ. உயரும். நோயாளியின் வழமையான அளவிலிருந்து அது 20 வீதம் உயர்வது கசிவின் வலுவான அறிகுறியாகும். காய்ச்சல் தணிந்துவிட்டதென்று நாம் நிம்மதி கொள்ளும் வேளையிலேயே பெரும்பாலும் இக்கசிவு நிகழ்கிறது என்பதை வாசகர்கள் மறந்துவிடலாகாது.

பேத்தி நலமாக வீடு திரும்பினாள். எண்ணுவதற்கு மனிதகுலம் நெடுங்காலம் உழைத்தது. எந்த எண்ணை எதனோடு சேர்த்துக் கேட்பது என்பதை நான் ஒரு வைத்தியசாலைக் கட்டிலருகே, அறுபது வயதுக்குப் பின்னர்தான் கற்றுக்கொண்டேன்.