காழும் வைரமும்

தொல்காப்பிய மரபியல் மரத்தையும் புல்லையும் பிரிக்கப் பூவைப் பார்க்கவில்லை, உயரத்தையும் பார்க்கவில்லை. தண்டில் உறுதி எங்கே இருக்கிறது என்று பார்த்தது. புறத்தே இருந்தால் புல், அகத்தே இருந்தால் மரம். அந்த உறுதிக்கு அங்கே பெயர் காழ். அதன்படி பனை எவ்வளவு உயர்ந்தாலும் புல்தான். இன்றைய தாவரவியலும் பனையை ஒருவித்திலைத் தாவரம் என்று புல்லின் பக்கமே வைக்கிறது. பனந்தண்டின் விளிம்பில் நார்க்கற்றைகள் நெருங்கியிருக்கும், நடுவில் சோறு. பனங்கை அறுப்பவருக்கு வேண்டியது விளிம்புதான்.

காழ்த்தல் என்றால் முற்றி இறுகுதல். முள்மரத்தை இளையதாக இருக்கும்போதே வெட்டிவிடு, காழ்த்துவிட்டால் வெட்டுபவர் கையையே அது வருத்தும் என்று பகையைப் பற்றிச் சொல்கிறது 879ஆம் குறள். காழ்ப்புணர்ச்சி என்று நாம் எழுதும்போது உள்ளே நிற்பது அந்த இறுகிய மரம்தான்.

பின்னாளில் காழின் இடத்துக்கு வயிரம் வந்தது. வடமொழி வஜ்ரம் பிராகிருத வழியே தமிழில் வயிரமாகி, மணிக்கும் மரத்தின் நடுவுக்கும் பெயரானது. பகையைக் குறிக்கும் வயிரம் வேறு வேரிலிருந்து வந்தது. இன்று பேச்சிலும் பட்டறையிலும் வைரம். வைரம் பாயாத வெளிப்பகுதி வெளிறு. 503ஆம் குறளில் அறியாமைக்கே அதுதான் பெயர்.

வெளிறு உயிருள்ள பகுதி. வேர் உறிஞ்சும் நீர் அதன் வழியேதான் மேலேறுகிறது. மாவுச்சத்தும் அங்கேதான் சேர்கிறது. மரத்தை உளுக்கச் செய்யும் வண்டு தேடி வருவது அந்த மாவை. மரம் முதிர முதிர உள்ளிருக்கும் செல்கள் மாவைச் செலவழித்து, பூஞ்சைக்கும் கரையானுக்கும் ஆகாத சாறுகளை உண்டாக்கிவிட்டு மடிகின்றன. தேக்கின் பொன்னிறமும், கருங்காலியின் கருமையும், சந்தனத்தின் மணமும் இப்படிச் சேர்ந்தவை. இங்கே ஒன்றைத் தெளிவாகச் சொல்ல வேண்டும்: வைரம் என்ற பெயர் கடினத்தை நினைவூட்டினாலும், பல மரங்களில் வெளிறுக்கும் வைரத்துக்கும் வலிமையில் பெரிய வேறுபாடு கிடையாது. வேறுபாடு ஆயுளில்தான். வெளிறோடு சேர்த்து அறுத்த இளந்தேக்கைத் தேக்கு என்ற பெயரை மட்டும் நம்பி நிலைக்கு வாங்கக் கூடாது.

வைரத்தின் நீர்க்குழாய்கள் பல மரங்களில் அடைபட்டுவிடுவதால், பூச்சி அரிக்காமலிருக்க ஏற்றும் மருந்து உள்ளே இறங்காது, வெளிறு குடித்துக்கொள்ளும். ரப்பர் மரத்தில் வைரமென்று தனியாகப் பிரித்துக் காட்ட ஏதுமில்லை. அதை அறுத்த சூட்டோடு போரான் உப்புக் கரைசலை அழுத்தி ஏற்றி, உலர்த்தித்தான் நாற்காலி செய்கிறார்கள்.