சபையார் ரட்சை

மதுரைக்கு வர்ற நண்பர்கள் எல்லாரும் ஒரே லிஸ்ட்டோடதான் வர்றாங்க. மீனாட்சியம்மன் கோயில், நாயக்கர் மகால், ராத்திரி கறிதோசை, கடைசியா ஒரு ஜிகர்தண்டா. நல்ல லிஸ்ட்தான், குத்தம் சொல்ல மாட்டேன் :-) ஆனா மாட்டுத்தாவணி தாண்டி மேலூர் ரோட்டுல வண்டிய விட்டா, ரெண்டு பக்கமும் 2200 வருசத்து வரலாறு பாறையில எழுதிக் கிடக்கு. அதைப் பாக்க ஒரு 12 பேரை ஒரே நாள்ல கூட்டிட்டுப் போகணும்னா எப்படித் திட்டம் போடுறது? கொஞ்ச நாளா என் மண்டைக்குள்ள ஓடிட்டு இருக்கிறது இதுதான்.

இந்த மலைகளே ஒரு காலத்துல வழிப்போக்கர்களுக்குப் போட்ட ஏற்பாடுதாங்க. சமணத் துறவிகள் ஒரு ஊர்ல நிலையாத் தங்க மாட்டாங்க, நடந்துக்கிட்டே இருப்பாங்க. மழைக்காலம் 4 மாசம் மட்டும் ஒரே இடத்துல இருக்கணும். அதுக்காக இயற்கையான குகைத்தளத்துல பாறையை வழவழன்னு செதுக்கிப் படுக்கை, தலைமாட்டுல லேசா உயர்த்தித் தலையணை. மழைத்தண்ணி உள்ள வழியாம இருக்க குகையோட நெத்தியில ஒரு காடி. பக்கத்துலயே செலவு பண்ணினவங்க பேரு, தமிழ் பிராமி எழுத்துல.

முதல் இடம் மாங்குளம் பக்கத்துல மீனாட்சிபுரம் மலை. வெயில் ஏறுறதுக்கு முன்னாடி ஏறிடணும், அதனால காலையில 6 மணிக்கு அடிவாரத்துல இருக்கிற மாதிரி கிளம்பணும். ராபர்ட் சிவெல் 1882ல இந்தக் கல்வெட்டுகளைக் கண்டுபிடிச்சார். இது தமிழ்தான்னு கே.வி. சுப்பிரமணிய அய்யர் 1924ல சொன்னார். அதுல இருக்கிறது சங்க இலக்கியத்துல வர்ற நெடுஞ்செழியன்ங்கிற பேருதான்னு ஐராவதம் மகாதேவன் 1965ல அடையாளம் காட்டினார். ஒரு பாறையைப் படிச்சு முடிக்க 80 வருசத்துக்கு மேல ஆயிருக்கு! கி.மு. 2ஆம் நூற்றாண்டு. நெடுஞ்செழியனோட ஆள் ஒருத்தர் கணிநந்தன்ங்கிற துறவிக்குச் செஞ்சு கொடுத்த பள்ளி ஒண்ணு. இன்னொண்ணு வெள்ளறை நிகமத்தார் கொடுத்தது. நிகமம்னா வணிகர் குழு. ஆக ராஜாவோட ஆளும் யாவாரியும் சேர்ந்து ஸ்பான்சர் பண்ணின இடம் அது.

அடுத்து அரிட்டாபட்டி. இங்கயும் படுக்கை உண்டு, பிராமி எழுத்து உண்டு. மலையோட இன்னொரு பக்கம் பாண்டியர் காலக் குடைவரை சிவன் கோயில், அதுல லகுலீசர் சிற்பம். தமிழ்நாட்டுல லகுலீசரை அவ்வளவு சுலபமாப் பாக்க முடியாது. மதியச் சாப்பாடு இந்த ஊர்லதான். பொட்டலம் கட்டிட்டுப் போறது வேணாம். ரெண்டு நாள் முன்னாடியே ஊர்ல சொல்லி, காசு கொடுத்து, அங்கயே சமைக்கச் சொல்லணும். இத்தாலியில 1985லயே இதுக்கு ஒரு சட்டம் போட்டாங்க. விவசாயி தன் வீட்டுல விருந்தாளியத் தங்க வச்சு சோறு போட்டு சம்பாதிக்கலாம், ஆனா விவசாயம்தான் முதல் தொழிலா இருக்கணும்னு. நம்ம ஊருக்கும் கணக்கு அதேதான். மலையப் பாக்க வர்றவனால ஊருக்கு நாலு காசு வந்தா, மலைய வெட்ட வர்றவன்கிட்ட ஊர் எதுக்குப் பேரம் பேசப் போகுது?

சாயங்காலம் திரும்பி வர்ற வழியில யானைமலை, நரசிங்கம் ஊர்ப் பக்கம். கி.பி. 770ல பராந்தக நெடுஞ்சடையனோட மந்திரி மாறன் காரி இங்க நரசிங்கப் பெருமாளுக்குக் குடைவரை குடைஞ்சார். குடமுழுக்குக்கு முன்னாடியே இறந்துட்டார். தம்பி மாறன் எயினன் முகமண்டபம் எடுத்து முடிச்சு வச்சார். கொஞ்சம் தள்ளி அதே மலையில, 9-10ஆம் நூற்றாண்டுவாக்குல செதுக்கின சமணத் தீர்த்தங்கரர் சிற்பங்கள். செய்வித்தவங்கள்ல அச்சணந்தி ஒருத்தர். அங்கதான் கீழ நின்னு எல்லாருக்கும் ஒரு வார்த்தையக் காட்டணும்னு நினைச்சிருக்கேன். ரட்சை. நரசிங்கமங்கலத்து சபையார் ரட்சை. அதாவது, இந்தச் சமண உருவங்களைப் பாத்துக்கிற பொறுப்பு, பெருமாள் கோயில் வச்சிருக்கிற ஊரோட பிராமண சபைக்கு! அரிட்டாபட்டி சமணச் சிற்பத்துக்குக் கீழயும் இதே மாதிரி பாதிரிக்குடிங்கிற ஊர்க்காரங்களோட ரட்சைன்னு எழுதி வச்சிருக்காங்க. சாமி யாருதா இருந்தா என்ன, நம்ம மலையில இருக்கு, நாமதான் காப்பாத்தணும். அம்புட்டுதான் அர்த்தம்.

ஆயிரம் வருசம் கழிச்சு என்ன நடந்துச்சுன்னு பாருங்க. 2010ல யானைமலையைச் சிற்ப நகரமா மாத்தப் போறதாப் பேச்சு வந்துச்சு. சுத்து வட்டார ஜனங்க எதிர்த்து நின்னாங்க. அந்தச் சூட்டுலதான் எழுத்தாளர் அ. முத்துக்கிருஷ்ணன் பசுமை நடையை ஆரம்பிச்சார். ஞாயித்துக்கிழமை விடிகாலையில ஒரு மலை, தொல்லியல் அறிஞர்கள் வெ. வேதாசலமோ சாந்தலிங்கமோ கல்வெட்டை விளக்க, முடிஞ்சதும் எல்லாருக்கும் சாப்பாடு. நான் இப்பப் போடுற திட்டமெல்லாம் அவங்க போட்ட பாதைதான்.

2012ல மேலூர் பக்கத்து கிரானைட் குவாரி விவகாரம் வெளிய வந்துச்சு. 2014ல உயர்நீதிமன்றம் உ. சகாயத்தை விசாரிக்கச் சொல்லுச்சு, 2015ல அவர் அறிக்கை கொடுத்தார். அரிட்டாபட்டி 2022ல தமிழ்நாட்டோட முதல் பல்லுயிர் பாரம்பரியத் தலமாச்சு. ரெண்டே வருசத்துல, 2024 நவம்பர்ல, அதே ஊரையும் உள்ளடக்கி டங்ஸ்டன் சுரங்க ஏலம்! கிராம சபைகள் தீர்மானம் போட்டாங்க. 2025 ஜனவரியில ஆயிரக்கணக்கான பேர் மேலூர் பக்கத்துல இருந்து மதுரைக்கு நடந்தே வந்தாங்க. அந்த மாசமே மத்திய அரசு ஏலத்தை ரத்து பண்ணுச்சு. சபையார் ரட்சைங்கிறது கல்வெட்டு வாசகம் மட்டும் இல்ல மக்களே.

அதனாலதான் சின்னக் கூட்டமாப் போகணும்னு சொல்றேன். யாருமே போகலைன்னா அது வெறும் கல்லு, கல்லுக்கு விலை போட ஆள் இருக்கு. 200 பேர் கும்பலாப் போனா படுக்கை மேல ஏறி நின்னு போட்டோ, பிராமிக்குப் பக்கத்துலயே காதலி பேரு :-( 12 பேருன்னா ஒரு வேன் போதும். கல்வெட்டு தெரிஞ்சவர் ஒருத்தர், உள்ளூர்க்காரர் ஒருத்தர், அவருக்குக் கண்டிப்பாச் சம்பளம். எழுத்து தெரியலைன்னு சாக்பீஸ் தேய்க்கக் கூடாது. டார்ச்சைப் பக்கவாட்டுல சாய்ச்சுப் பிடிச்சா நிழல் விழுந்து எழுத்து தானா எந்திரிச்சு வரும். அரிட்டாபட்டியில சத்தம் போடக் கூடாது, பாறை இடுக்குல வல்லூறு கூடு கட்டும். சித்திரை வைகாசியில பாறை தோசைக்கல்லு, வேணவே வேணாம். மழை முடிஞ்சு கண்மாய் நிறைஞ்சிருக்கிற மார்கழி, தை சரியா இருக்கும். துறவிகள் மழைக்கு ஒதுங்கின இடத்துக்கு நாம மழை விட்டதும் போவோம்.

உங்க ஊர்ப் பக்கமும் இப்படி ஒரு மலையோ குகையோ கண்டிப்பா இருக்கும். அது இன்னைக்கு எந்தச் சபையார் ரட்சைன்னு ஒரு எட்டு போய் விசாரிச்சுப் பாருங்களேன்.