‘வருகிறேன்’ போய் ‘வர்றேன்’ வந்த கதை

கைபேசியில் யாரும் ‘நான் வந்துகொண்டிருக்கிறேன்’ என்று செய்தி அனுப்புவதில்லை. ‘வந்துட்டு இருக்கேன்’ என்றுதான் அனுப்புகிறோம். எழுத ஒரு தமிழ், பேச இன்னொரு தமிழ் என்று பல நூற்றாண்டுகளாக இருந்துவரும் பிரிவினையை நாம் அன்றாடம் கட்டைவிரலால் தாண்டிக்கொண்டிருக்கிறோம். ‘செல்போன் வந்து தமிழைக் கெடுத்துவிட்டது’ என்று வருத்தப்படுகிறவர்கள் உண்டு. எந்தத் தமிழை, யாருடைய தமிழை என்று நாம் திருப்பிக் கேட்க வேண்டியிருக்கிறது. அதற்கு இந்த வரலாற்றைக் கொஞ்சம் பின்னாலிருந்து பார்க்க வேண்டும்.

1931-இல் இராமநாதபுரம் மாவட்டத்தில் ஆதிக்கச் சாதியினர் ஆதிதிராவிடர்கள் மீது பதினோரு தடைகளை விதித்தார்கள். பிள்ளைகள் எழுதப் படிக்கக் கற்கக் கூடாது என்பது அவற்றில் ஒன்று. அன்றைய மக்கள்தொகைக் கணக்கெடுப்பு ஆணையர் ஜே.எச். ஹட்டன் இதைப் பதிவு செய்திருக்கிறார். எழுத்து என்பது நமக்கு வாய்க்காமல் போன ஒன்றல்ல. திட்டமிட்டுத் தடுக்கப்பட்ட ஒன்று.

இதன் விளைவைக் கடிதங்களில் பார்க்கலாம். பிழைக்கப் போன மகனுக்குச் சேரியில் இருந்த தாய் கடிதம் போட வேண்டுமென்றால், எழுதத் தெரிந்த ஒருவரைத் தேடிப் போக வேண்டும். ‘கஞ்சிக்கே வழியில்லப்பா, காசு அனுப்பு’ என்று அவள் சொல்லுவாள். எழுதுகிறவர் ‘இவ்விடம் யாவரும் நலம், அவ்விடம் நலமறிய ஆவல்’ என்று தொடங்குவார். அவளுடைய பேச்சு தாளில் ஏறும்போது அது அவளுடையதாக இருக்காது. பதில் வந்தால் படித்துச் சொல்லவும் இன்னொருவர் வேண்டும். எவ்வளவு பணம் வருகிறது, எப்போது வருகிறது என்பது ஊருக்கே தெரிந்துவிடும். அவசரமென்றால் தந்தி. அதில் வார்த்தைக்குக் காசு, அதனால் மொழி சுருங்கியது. குளிரில் நடுங்குகிறவரைப் பார்த்து ‘பல்லு தந்தி அடிக்குது’ என்று நம் மக்கள் பேசினார்கள். செய்தி அனுப்பும் கருவி பேச்சுக்குள் நுழைவது செல்போனோடு தொடங்கியதல்ல. அந்தத் தந்திச் சேவை 2013 ஜூலையில் நிறுத்தப்பட்டது.

உலகின் முதல் குறுஞ்செய்தி 1992 டிசம்பர் 3 அன்று இங்கிலாந்தில் அனுப்பப்பட்டது. அது ஒரு கிறிஸ்துமஸ் வாழ்த்து. அதே 1992-இல்தான் பாமாவின் ‘கருக்கு’ வெளிவந்தது. தலித் பெண்ணின் வாழ்க்கையைத் தலித் மக்களின் பேச்சுமொழியிலேயே சொன்ன நூல் அது. இரண்டுக்கும் நேரடித் தொடர்பு எதுவும் இல்லை. ஆனால் பேசுகிறபடியே எழுதலாம் என்ற துணிவை இலக்கியத்தில் நம்மவர்கள் போராடித்தான் பெற்றார்கள். கைபேசியில் அதற்கு யாரிடமும் அனுமதி கேட்க வேண்டியிருக்கவில்லை.

இந்தியாவுக்குக் கைபேசி 1995-இல் வந்தது. ஒரு குறுஞ்செய்தியில் ஆங்கில எழுத்து என்றால் 160 இடம். தமிழ் போன்ற எழுத்துகளுக்கு யூனிகோடு முறையில் 70 இடம்தான். அதிலும் ‘தோழர்’ என்ற மூன்றெழுத்துச் சொல் ஐந்து இடத்தை எடுத்துக்கொள்ளும். அன்றைய பல கைபேசிகளில் தமிழ் எழுத்தே தெரியாது, கட்டம் கட்டமாகத்தான் வரும். மலேசியாவைச் சேர்ந்த முத்து நெடுமாறனின் ‘செல்லினம்’ 2005-இல் வெளிவந்து தமிழில் குறுஞ்செய்தி எழுத வழி செய்தது. ஆனாலும் பெரும்பாலோர் ஆங்கில எழுத்திலேயே தமிழை அடித்தோம். அப்படி அடிக்கும்போது செந்தமிழ் இலக்கணம் தானாகக் கழன்று விழுந்தது. ல, ள, ழ மூன்றுக்கும் பெரும்பாலும் ஒரே எழுத்து. ‘ழ’ வரவில்லை என்று வகுப்பில் கேலிக்கு ஆளான பிள்ளை இங்கே யாருக்கும் குறைந்தவரில்லை.

மரியாதைச் சொல்லிலும் ஒன்று நடந்தது. நம் பெரியவர்களை ஆதிக்கச் சாதிச் சிறுபிள்ளைகள் ‘வா, போ’ என்று கூப்பிட்ட ஊர்கள் இவை. நாம் ‘சாமி’, ‘ஐயா’ என்று குனிய வேண்டியிருந்தது. குறுஞ்செய்தியில் ‘நீ’, ‘நீங்க’ இரண்டுக்கும் பதிலாக ஆங்கிலத்தின் ‘யூ’ ஒற்றை எழுத்தாக வந்து உட்கார்ந்தது. ‘ஹாய்’ என்பதில் மேலும் இல்லை, கீழும் இல்லை. சாதி இதனால் ஒழிந்துவிடவில்லை. ஆனால் கூப்பிடும் முறையில் ஒரு சின்ன இடைவெளி கிடைத்தது, இளைஞர்கள் அதைப் பயன்படுத்திக்கொண்டார்கள்.

திரையிலிருந்து வாய்க்கு வந்தவையும் ஏராளம். ‘மிஸ்டு கால் குடு’, ‘ஃபார்வர்டு பண்ணு’, ‘ப்ளூ டிக் விழுந்துச்சு, ரிப்ளை வரல’ என்பதெல்லாம் இன்று ஊர்ப் பேச்சு. எழுதத் தெரியாதவர்களுக்கு மிஸ்டு காலே செய்தியாக இருந்தது: ஒரு ரிங் விட்டால் வந்து சேர்ந்தாச்சு என்று பொருள். 2013-இல் வாட்ஸ்அப்பில் குரல் செய்தி வந்தது. கடிதம் எழுத ஆள் தேடிய தாயின் பேத்தி இன்று தன் சொந்த வழக்கில், தன் சொந்தக் குரலில், நடுவே ஆள் இல்லாமல் பேசி அனுப்புகிறாள்.

அரசியலிலும் இதைப் பார்த்தோம். 2018 மார்ச் 20 அன்று உச்ச நீதிமன்றம் வன்கொடுமைத் தடுப்புச் சட்டத்தை நீர்த்துப்போகச் செய்யும் தீர்ப்பை அளித்தது. ஏப்ரல் 2 அன்று நாடு தழுவிய முழு அடைப்பு. அதற்கான அழைப்பு கைபேசிகள் வழியாகத்தான் ஊர் ஊராகப் பரவியது. அந்த ஆகஸ்ட்டிலேயே நாடாளுமன்றம் சட்டத்தைத் திருத்தி மீட்டது. ‘ஜெய் பீம்’ என்று செய்தியைத் தொடங்கும் பழக்கம் நேரில் சந்திக்கும்போதும் நம் வாயில் வருகிறது.

எதிர்த்தரப்பும் சும்மா இல்லை. 2012 நவம்பரில் தர்மபுரி மாவட்டத்தில் மூன்று தலித் குடியிருப்புகள் எரிக்கப்பட்டன. அந்தக் காலத்தில் மேடைகளில் ஒலித்த ‘நாடகக் காதல்’ என்ற சொல், ஃபார்வர்டு செய்திகளில் சுற்றிச் சுற்றி டீக்கடைப் பேச்சில் இயல்பான சொல்லாகிவிட்டது. நம் தோழர்களே சில நேரம் யோசிக்காமல் அதைச் சொல்லிவிடுகிறார்கள். ஒரு சொல்லைத் திரும்பத் திரும்பப் படித்தால் அது வாயில் ஒட்டிக்கொள்ளும். ஆகவே எதை ஃபார்வர்டு செய்கிறோம் என்பதும் அரசியல்தான்.

வாயால் திட்டியதை ‘நான் சொல்லவே இல்லை’ என்று மறுத்துவிடலாம். செய்தியாக அனுப்பியது நிற்கும். சாதி இழிவுச் செய்தி வந்தால் கோபத்தில் அழித்துவிடாதீர்கள். நாள், நேரம், எண்ணோடு அப்படியே வைத்திருங்கள். அந்தக் கைபேசியையும் மாற்றாமல் பத்திரப்படுத்துங்கள். மின்னணு ஆவணத்தை நீதிமன்றத்தில் சான்றிதழோடு தாக்கல் செய்யச் சட்டத்தில் இடம் இருக்கிறது.

இன்னொரு வேலையும் நமக்கு இருக்கிறது. கைபேசித் தமிழும் மெல்ல மெல்ல சினிமாத் தமிழாக, நகரத் தமிழாக ஒரே அச்சில் வார்க்கப்படுகிறது. பாட்டி சொல்லும் ‘வாறேன்’, ‘போறாக’, வயல் வேலைச் சொற்கள், பறையடிக்கும் அடிகளின் பெயர்கள் எல்லாம் அதில் விடுபடுகின்றன. குழுச் செய்திகளில் அவற்றை எழுதுங்கள், வீட்டுப் பெரியவர்களின் குரலைப் பதிந்து வையுங்கள். எழுத்திலிருந்து ஒருமுறை விலக்கி வைக்கப்பட்ட பேச்சு அது. மறுபடி விடுபட்டால், இந்த முறை அதற்கு நாமே பொறுப்பு.