சுழலும் கம்பியும் சுட்ட இறைச்சியும்

கம்பியில் கோத்த இறைச்சியை அனலில் சுடுவது மிகப் பழைய சமையல் முறை. ஹோமரின் இலியட்டிலும் பத்துப்பாட்டில் ஒன்றான பொருநராற்றுப்படையிலும் அது பேசப்படுகிறது. அம்முறையை வசதியான வீடுகளின் வழக்கமான சமையலாக வளர்த்து, கம்பியைச் சுழற்றுவதற்கென்றே பலவகைக் கருவிகளைச் செய்த நாடு இங்கிலாந்து.

அங்கே அந்நாளில் இறைச்சியை நெருப்புக்கு மேலே வைக்கமாட்டார்கள். கணப்புக்கு முன்னால், பக்கவாட்டில் அனல் படும்படி நிறுத்துவார்கள். கம்பி ஓயாமல் சுழன்றால்தான் ஒரு பக்கம் கருகாமல் எல்லாப் பக்கமும் ஒன்றுபோல வேகும். உருகும் கொழுப்பும் சாறும் இறைச்சியின் மேலேயே புரண்டு பரவும். சொட்டும் கொழுப்பைக் கீழே தட்டில் பிடித்து, கரண்டியால் மொண்டு திரும்பவும் மேலே ஊற்றுவார்கள்.

தொடக்கத்தில் கம்பியைச் சுழற்றும் வேலை சிறுவர்கள் தலையில் விழுந்தது. எட்டாம் ஹென்றியின் ஹாம்ப்டன் கோர்ட் அரண்மனைச் சமையலறையில் பெரும் கணப்புகளின் வெப்பத்தில் உட்கார்ந்து கம்பியைக் கையால் சுழற்றியவர்கள் பட்ட பாடு கொடியது. 16-ஆம் நூற்றாண்டிலேயே நாய்களும் இதற்குப் பழக்கப்பட்டன. சுவரில் உயரே பொருத்திய சக்கரத்துக்குள் குட்டைக்கால் நாய் ஓட, சக்கரத்தோடு கயிற்றாலோ சங்கிலியாலோ இணைத்த கம்பி சுழலும். இந்த நாயினம் பின்னர் அழிந்துவிட்டது. பாடம் செய்யப்பட்ட 'விஸ்கி' என்னும் நாய் ஒன்று வேல்ஸின் அபெர்கவென்னி அருங்காட்சியகத்தில் இருக்கிறது.

உயிர்கள் பட்ட பாட்டை இயந்திரங்கள் குறைத்தன. கடிகாரத்தில் உள்ளதுபோல எடைக்கல் இறங்கும் விசையால் கம்பியைச் சுழற்றும் பொறி பரவியது. புகைபோக்கிக்குள் விசிறி பொருத்தி, மேலெழும் சூடான காற்றால் சுழலச் செய்வது இன்னொரு வகை. லியொனார்டோ டா வின்சி இதை 15-ஆம் நூற்றாண்டிலேயே வரைந்திருக்கிறார். நெருப்பு பெருகினால் சுழற்சியும் விரைவது அதன் சிறப்பு. விறகும் கரியும் ஏராளமாகச் செலவாவது குறை. 18-ஆம் நூற்றாண்டின் இறுதியில் சுருள்வில்லால் இயங்கும் சிறு பித்தளைப் பொறி வந்தது. இறைச்சியை அதில் செங்குத்தாகத் தொங்கவிட்டு, அனலைத் திருப்பி அனுப்பும் தகரத் தடுப்பைப் பின்னால் வைத்தார்கள். பெரிய கம்பியும் பெரும் கணப்பும் இல்லாத சிறு வீடுகளிலும் இறைச்சி சுட இதுவே வழி செய்தது.

இந்த வழக்கத்தை ஒடுக்கியது அடுப்பின் மாற்றம். திறந்த கணப்பில் வெப்பம் வீணாவதை அறிவியலாளர் கவுன்ட் ரம்ஃபோர்டு 1790-களில் கண்டித்து, மூடிய அடுப்புகளை வடிவமைத்தார். 19-ஆம் நூற்றாண்டில் இரும்பு அடுப்புகள் பரவ, இறைச்சி மூடிய அறைக்குள் வேகத் தொடங்கியது. எரிபொருள் மிச்சமானது, ஆனால் வீட்டுச் சமையலறையிலிருந்து திறந்த அனலும் சுழலும் கம்பியும் விடைபெற்றன.

20-ஆம் நூற்றாண்டில் மின்மோட்டார் கம்பியை மறுபடியும் சுழற்றியது. மேசைமேல் வைக்கும் சிறு மின்கருவிகளில், அமெரிக்காவில் 1998-இல் ரான் பொபெய்ல் அறிமுகப்படுத்திய 'ஷோடைம்' பெரும்புகழ் பெற்றது. தமிழ்நாட்டு உணவகங்களின் வாசலில் கண்ணாடிப் பெட்டிக்குள் சுழலும் 'கிரில் சிக்கன்' வேகுவதும் இதே முறையில்தான். சுழற்றும் விசை பலமுறை மாறினாலும், சீரான அனலும் நிற்காத சுழற்சியுமே இச்சமையலுக்கு இன்றும் அடிப்படை.