அடைத்த பெட்டி ஏன் விழித்திருக்கிறது?

கறுப்புத் திரையின் ஓரத்தில் ஒரு சிவப்புப் பொட்டு விளக்கு மட்டும் எரிகிறது. "டி.வி. தொறந்திருக்கா, அடைச்சிருக்கா?" என்று உங்கள் மாணவர்களிடம் கேட்டுப் பாருங்கள். என் வகுப்பு இரண்டாகப் பிரிந்து சண்டையே போட்டது. கடைசி வரிசைப் பையன் ஒருவன் சொன்னான்: "அது தூங்குது சார், காது மட்டும் முழிச்சிருக்கு." வீட்டு ஒலிக்கருவிகளின் வரலாற்றில் பெரும்பகுதி அந்த ஒரு வரியில் இருக்கிறது.

எங்கள் அப்பா காலத்து வானொலிப் பெட்டியில் இந்தச் சந்தேகமே கிடையாது. ஒலிக் குமிழை இடப்பக்கம் கடைசிவரை திருப்பினால் 'டிக்'. மின்சாரம் அறுந்தது, அவ்வளவுதான். உட்கார்ந்த இடத்திலிருந்தே திறக்கணும், அடைக்கணும் என்ற ஆசை வந்த பிறகுதான் சிக்கல்.

அந்த ஆசைக்கு ஒரு பழைய சாட்சி, அமெரிக்காவின் ஃபில்கோ நிறுவனம் 1939ஆம் ஆண்டு மாடலாக விற்ற 'மிஸ்டரி கண்ட்ரோல்'. கம்பியே இல்லாத ஒரு சின்னப் பெட்டி, மேலே பழைய தொலைபேசியில் இருப்பது போன்ற சுழல் வட்டு. வட்டைச் சுழற்றினால் வானலைத் துடிப்புகள் கிளம்பும். அறையின் மறுகோடியில் இருக்கும் வானொலி நிலையத்தை மாற்றும், ஒலியைக் கூட்டும், குறைக்கும், அணைந்தும் போகும். ஆனால் மறுபடி திறக்க? எழுந்து நடந்துதான் போகணும்! துடிப்பைக் கேட்கும் வால்வுகளுக்கும் அதே பெட்டியிலிருந்துதான் மின்சாரம். பெட்டி அணைந்தால் காதும் அணைந்தது. தூரத்திலிருந்து ஒன்றைத் திறக்கவேண்டுமென்றால் அதனுள் ஏதாவது ஒன்று எப்போதும் விழித்திருக்க வேண்டும். அந்தக் கால வால்வுகளைச் சும்மா விழிக்க வைப்பது லேசான செலவில்லை.

பிறகு ஹைஃபை காலம். ஒரே பெட்டி பல துண்டாயிற்று: இசைத்தட்டுச் சுழலி, டியூனர், கேசட் டெக், ஆம்ப்ளிஃபையர். ஒரு பாட்டுக் கேட்க நாலு சுவிட்ச்! இதற்குக் கண்ட வழி எளிமையானது. 1960, 70களின் ஆம்ப்ளிஃபையர்கள் பலவற்றின் முதுகில் இரண்டு மூன்று பிளக் துளைகள் இருக்கும். 'சுவிட்ச்ட்' என்று எழுதியதில் மாட்டினால், ஆம்ப்ளிஃபையரைத் திறக்கும்போது அதுவும் திறக்கும், அடைத்தால் அடையும். 'அன்சுவிட்ச்ட்' துளையில் எப்போதும் மின்சாரம் இருக்கும். பக்கத்திலேயே இத்தனை வாட்தான் என்று எச்சரிக்கையும் இருக்கும். டியூனர் போன்ற சின்னக் கருவிக்கு அது போதும். தனி பவர் ஆம்ப்ளிஃபையரை மாட்டினால், திறக்கும் கணத்தில் அது இழுக்கும் மின்னோட்டத்தில் சுவிட்சின் முனைகள் தீய்ந்து ஒட்டிக்கொள்ளலாம். வரிசையும் முக்கியம். பவர் ஆம்ப்ளிஃபையரைக் கடைசியில் திறந்து முதலில் அடைக்கவேண்டும். மாற்றிச் செய்தால் ஒலிபெருக்கியில் 'டொம்' என்று ஓர் இடி.

ஜப்பானியர்கள் இன்னொரு படி போனார்கள். 1970களில் அங்கே எஃப்.எம். ஒலிபரப்பை வீட்டில் பதிவு செய்வது ஒரு பெரிய பழக்கம். அதற்கென்றே இதழ்கள் வந்தன, எந்தப் பாட்டு எத்தனை நிமிடம் என்றுகூட அச்சிட்டன. வேலைக்குப் போனவர்களுக்காக 'ஆடியோ டைமர்' என்ற கடிகாரப் பெட்டி. குறித்த நேரத்தில் அது மின்சாரத்தை விடும், டியூனரும் டெக்கும் உயிர் பெறும். டெக்கின் முகப்பில் 'டைமர்' என்ற சின்ன சுவிட்ச் இருக்கும். அதைப் 'பதிவு' பக்கம் தள்ளி வைத்திருந்தால், ஆள் இல்லாமலே நாடா ஓடத் தொடங்கும்.

எங்கள் மாமா வீட்டிலும் அப்படி ஒரு டைமர் இருந்தது. தீபாவளிச் சிறப்பு நிகழ்ச்சிகளை எல்லாம் அதில்தான் பிடிப்பார். ஒரு வருஷம் பழைய டியூனரை விற்றுவிட்டு ரிமோட் வைத்த புதுசை வாங்கினார். நிகழ்ச்சி நேரத்தில் நாங்கள் எல்லாரும் கோயிலில். வந்து போட்டுப் பார்த்தால் ஒரு மணி நேரமும் வெறும் 'ஸ்ஸ்ஸ்'. அதில் என் அத்தை பாடிய பாட்டும் இருந்தது, இன்றுவரை கிடைக்கவில்லை. டைமர்மேல் குற்றமில்லை, அது சரியாகத்தான் மின்சாரம் விட்டது. டெக்கும் ஓடியது. புது டியூனரோ மின்சாரம் வந்ததும் ஸ்டாண்ட்பையில் நின்று, யாராவது பொத்தானை அழுத்துவார்கள் என்று காத்திருந்தது. அதன் சுவிட்ச், சுவிட்சே அல்ல. உள்ளே இருக்கும் சில்லுக்கு ஒரு வேண்டுகோள்!

1980களில் அகச்சிவப்பு ரிமோட் பரவியபோது நடந்த மாற்றம் இதுதான். ஃபில்கோவால் முடியாததை இது செய்தது, காது விழித்தே இருந்ததால். விலை மெதுவாகத் தெரிந்தது. அமெரிக்காவின் லாரன்ஸ் பெர்க்லி ஆய்வகத்தைச் சேர்ந்த ஆலன் மையர், அணைந்ததாக நாம் நினைக்கும் கருவிகள் குடிக்கும் மின்சாரத்தை அளந்து, ஒவ்வொன்றுக்கும் 1 வாட் போதும் என்று 1990களின் இறுதியில் வாதிட்டார். சர்வதேச எரிசக்தி முகமை 1999இல் அதை ஏற்றது. 2001 ஜூலையில் அமெரிக்க அதிபர் புஷ், அரசு அலுவலகங்கள் வாங்கும் கருவிகளுக்கு அந்த அளவைக் குறிக்கும் ஆணையிட்டார். ஐரோப்பிய ஒன்றியம் 2010இல் 1 வாட், 2013இல் அரை வாட் என்று சட்டமாகவே கொண்டுவந்தது. நேரமோ தகவலோ காட்டும் முகப்புள்ள கருவிக்கு அப்போது அதில் இரு மடங்கு அனுமதி இருந்தது.

இப்போது கருவிகள் தமக்குள் பேசிக்கொள்கின்றன. சிலவற்றில் மெல்லிய கம்பி வழியாக 12 வோல்ட் போனால் பவர் ஆம்ப்ளிஃபையர் திறக்கும். எச்.டி.எம்.ஐ. கம்பி என்றால், டி.வி.யைத் திறந்தாலே சவுண்ட்பாரும் எழும். அதற்கு ஒரு நிறுவனம் 'பிராவியா சிங்க்' என்று பெயர் வைத்தது, இன்னொன்று 'சிம்ப்லிங்க்', மற்றொன்று 'எனிநெட் பிளஸ்'. ஒரே வசதிக்கு இத்தனை பெயர் ஏன் என்று எனக்கு இன்னும் புரியவில்லை. சத்தம் வராவிட்டால் தானாக அடைந்துகொள்ளும் சப்வூஃபர்களும் உண்டு. மெதுவான வீணை ஆலாபனையை 'ஆளே இல்லை' என்று நினைத்து நடுவில் படுத்துவிடும், பாவம்.

கணிதப் பாடத்துக்கு ஒரு கணக்கு: பழைய மினி காம்போ ஒன்று ஸ்டாண்ட்பையில் 10 வாட் இழுக்கிறது என்று வைத்துக்கொள்வோம். 10ஐ 24ஆலும் 365ஆலும் பெருக்கி 1000ஆல் வகுத்தால் ஆண்டுக்கு 87.6 யூனிட். அரை வாட்டுக்கு 4.38 யூனிட். வீட்டில் எத்தனை சிவப்புப் பொட்டுகள் எரிகின்றன என்று மாணவர்கள் இரவில் விளக்கை அணைத்துவிட்டு எண்ணி வரட்டும். எங்கள் வகுப்பில் ஒரு மாணவி 14 என்று எழுதி வந்தாள். மோடத்தின் பச்சை விளக்கைச் சேர்க்கலாமா என்று பக்கத்தில் ஒரு கேள்விக்குறியும் போட்டிருந்தாள்.