நவீனக் கலைக்கூடமும் பொதுமக்களும்: ஹரிபுரா முதல் 2024 வரை

முன்னுரை

பரிபாடலின் 19ஆம் பாடல் திருப்பரங்குன்றத்தில் இருந்த ஓர் ஓவிய மண்டபத்தைக் காட்டுகிறது. முருகனை வழிபட வந்தோர் அங்கு நின்று, தீட்டப்பட்ட உருவம் யாருடையது என வினவ, அறிந்தோர் விடை கூறுகின்றனர். காமனும் இரதியும், இந்திரனும் அகலிகையும் இவ்வாறே அறிமுகமாகின்றனர். ஓவியம் காண்டல் கண்ணின் தொழில் மட்டுமன்று. கேட்டலும் சொல்லலும் கூடிய பொதுச்செயல் என்பதற்கு இப்பாடல் சான்றாகும்.

இருபதாம் நூற்றாண்டில் இந்திய நவீனக் கலை பொதுவெளியிலிருந்து மாளிகைக்குள் புகுந்த வரலாற்றையும், அம்மாளிகையின் வாயிலை மாற்றுத்திறனாளிகள் உள்ளிட்ட அனைவருக்கும் திறக்க எழுந்த முயற்சிகளையும் இக்கட்டுரை ஆராய முற்படுகிறது. அனைவருக்குமான அணுகுதன்மை அண்மையில் வெளியிலிருந்து வந்து சேர்ந்த கருத்தன்று. இந்திய நவீனக் கலையின் தொடக்கக் காலத்திலேயே விளங்கிப் பின்னர் மறக்கப்பட்டது என்பதே இக்கட்டுரையின் துணிபு.

திறந்தவெளியில் நவீனக் கலை

1938ஆம் ஆண்டு பிப்ரவரித் திங்களில் குஜராத்தின் ஹரிபுரா என்னும் சிற்றூரில் காங்கிரசு மாநாடு கூடியது. காந்தியடிகளின் விருப்பப்படி அதன் பந்தல்களை அணிசெய்யும் பொறுப்பை நந்தலால் போஸ் ஏற்றார். அவரும் அவருடைய மாணவர்களும் ஏறத்தாழ 400 ஓவியத் தட்டிகளை உருவாக்கினர். உழவர், தச்சர், குயவர், பறைகொட்டுவோர், நூல் நூற்கும் மகளிர் ஆகியோரே அவற்றின் பாடுபொருள். காண வந்தோரும் பெரும்பாலும் அவர்களே. படிப்பறிவோ நுழைவுச் சீட்டோ அங்குத் தேவைப்படவில்லை.

அதே ஆண்டில் சாந்திநிகேதனத்தில் ராம்கிங்கர் பைஜ், சிமெண்டும் செம்புரைக் கற்களும் கலந்து, இடம்பெயர்ந்து செல்லும் ஒரு சந்தாலிக் குடும்பத்தின் சிற்பத்தைத் திறந்தவெளியில் அமைத்தார். யாரை அச்சிற்பம் காட்டிற்றோ அம்மக்கள் நடமாடும் மண்ணிலேயே அது நின்றது. காண்போரைத் தேடிக் கலை சென்ற காலம் அது எனலாம்.

மாளிகைக்குள் கலை

விடுதலைக்குப் பின் 1954ஆம் ஆண்டு மார்ச்சு 29ஆம் நாள் தேசிய நவீனக் கலைக்கூடம் புதுதில்லியின் ஜெய்ப்பூர் மாளிகையில் திறந்துவைக்கப்பட்டது. அக்கட்டடம் ஜெய்ப்பூர் மன்னரின் தலைநகர் இல்லமாகக் கட்டப்பட்டதாகும். பின்னாளில் மும்பையில் 1996இல் காவஸ்ஜி ஜஹாங்கீர் மன்றத்திலும், பெங்களூரில் 2009இல் மாணிக்கவேலு மாளிகையிலும் இதன் கிளைகள் அமைந்தன. மூன்றும் வேறு பயன் கருதி எழுந்த பழைய கட்டடங்கள். மும்பைக் கூடத்தில் ஒரு தளத்திலிருந்து மற்றொரு தளத்திற்குப் படியேறிச் செல்வதே காட்சியின் ஒழுங்காக அமைந்தது.

கலைச்செல்வங்களைப் பாதுகாத்தற்கு இந்நிறுவனங்கள் ஆற்றிய பணி பெரிது. எனினும் பாதுகாப்புடன் சில எல்லைகளும் உடன்வந்தன. படிக்கட்டு, தொடாதே என்னும் அறிவிப்பு, அமைதி காக்கும் கட்டளை, பெரும்பாலும் ஆங்கிலத்திலும் இந்தியிலும் மட்டும் அமைந்த குறிப்பட்டை ஆகியன அவ்வெல்லைகள். சிற்றூர் மக்களுக்காக வரையப்பட்ட ஹரிபுரா ஓவியங்கள் பல இன்று இக்கலைக்கூடத்தின் தொகுப்பில் உள்ளன என்பது ஈண்டு எண்ணத்தக்கது. ஓவியம் மாறவில்லை, காண்போர் யார் என்னும் கணக்கே மாறிற்று.

பார்வையிழந்த ஓவியர்

கலைக்கூடம் வகுத்த 'காண்போர்' என்னும் வரையறையைக் கலைஞர் ஒருவரின் வாழ்வே மறுத்தது. நந்தலாலின் மாணவரான பினோத் பிஹாரி முகர்ஜி (1904–1980) பிறவியிலேயே ஒரு கண்ணில் பார்வையற்றவர். மற்றொரு கண்ணும் குறையுடையது. 1946–47இல் சாந்திநிகேதனத்தின் இந்தி பவனத்தில் இடைக்கால அருளாளர்களின் வாழ்வைப் பெரும் சுவரோவியமாகத் தீட்டினார். 1950களின் பிற்பகுதியில் அறுவை மருத்துவத்திற்குப் பின் எஞ்சிய பார்வையையும் இழந்தார். ஆயினும் கலையைக் கைவிடவில்லை. தாளை வெட்டியும் ஒட்டியும் விரல்களின் அறிவால் உருவங்களைப் படைத்தார். கலாபவனத்தில் பாடமும் நடத்தினார். 1972இல் அங்குள்ள ஒரு கட்டடத்தின் வெளிச்சுவரில் பீங்கான் ஓடுகளால் ஒரு பெரும் சித்திரத்தை அமைத்தார். அவருடைய மாணவரான சத்யஜித் ராய் அதே ஆண்டில் அவரைப் பற்றிய ஆவணப்படத்தை உருவாக்கினார்.

2006–07இல் புதுதில்லி தேசிய நவீனக் கலைக்கூடம் இவருடைய நூற்றாண்டு நினைவுக் காட்சியை நடத்திச் சிறப்பித்தது. பார்வையற்ற ஒருவர் படைத்த கலையைப் பார்வையற்ற மற்றொருவர் எவ்வாறு துய்ப்பது? இவ்வினாவே அணுகுதன்மைச் சிக்கலின் மையமாகும். படைப்போராக ஏற்கப்பட்டவர், நுகர்வோராக எண்ணப்படாமற் போவது முரணன்றோ? இளமையிலேயே செவிப்புலனை இழந்தும் ஓவியராகவும், புதுதில்லியின் பெல்ஜியத் தூதரகத்தை வடிவமைத்த கட்டடக் கலைஞராகவும் விளங்கிய சதீஷ் குஜ்ராலின் (1925–2020) வாழ்வும் இவ்வினாவையே எழுப்புகிறது.

சட்டமும் உரிமையும்

1995ஆம் ஆண்டின் மாற்றுத்திறனாளிகள் சட்டம் கட்டடங்களில் சாய்தளம் முதலிய வசதிகளைக் கூறிற்று. ஆயின் அரசின் பொருள்வளத்திற்கு உட்பட்டே அவை அமையும் என வரையறுத்தது. 2007இல் இந்தியா ஏற்புறுதி அளித்த ஐக்கிய நாடுகள் உடன்படிக்கையின் 30ஆம் உறுப்பு பண்பாட்டு வாழ்வில் பங்கேற்பதை உரிமையாக்கியது. அதன் வழிவந்த 2016ஆம் ஆண்டுச் சட்டத்தின் 29ஆம் பிரிவு, கலையை மாற்றுத்திறனாளிகள் அணுகத்தக்கதாக்குதலை அரசின் கடமைகளுள் ஒன்றாக வெளிப்படையாகச் சுட்டுகிறது. 2011ஆம் ஆண்டு மக்கள்தொகைக் கணக்கெடுப்பின்படி நாட்டில் மாற்றுத்திறனாளிகள் ஏறத்தாழ 2.68 கோடியர் என்பதை நோக்க இக்கடமையின் அளவு புலனாகும்.

இவ்வரலாற்றில் 2024ஆம் ஆண்டு நவம்பர் 8ஆம் நாள் உச்ச நீதிமன்றம் ராஜீவ் ரதூரி வழக்கில் வழங்கிய தீர்ப்பு ஒரு திருப்புமுனையாகும். அணுகுதன்மைத் தரங்களை வெறும் பரிந்துரைகளாக நிறுத்திய விதியைச் சட்டத்திற்கு முரணானது என அறிவித்து, கட்டாய விதிகளை மூன்று திங்களுக்குள் வகுக்குமாறு நடுவணரசைப் பணித்தது. அருள் என்னும் நிலையிலிருந்து கடமை என்னும் நிலைக்கு அணுகுதன்மை நகர்ந்ததை இது காட்டுகிறது.

நடைமுறை முயற்சிகள்

2015இல் புதுதில்லி தேசிய அருங்காட்சியகத்தில் 'அனுபவ்' என்னும் தொட்டுணரும் கூடம் தொடங்கப்பட்டது. தொல்பொருள்களின் படிகளைத் தொட்டறிய அங்கு வாய்ப்பளிக்கப்பட்டது. சமகாலக் கலைக்கு இம்முறையை அப்படியே பொருத்துதல் எளிதன்று. ஒளி, ஒலி, நிகழ்படம், நிறுவற்கலை ஆகியன கலந்த படைப்பிற்குப் படி எடுத்தல் அரிது. ஆனால் அதுவே வாய்ப்புமாகும். கண் ஒன்றையே நம்பாத கலை பிற புலன்களுக்கும் இடம்தர வல்லது. 2012இல் தொடங்கிய கொச்சி–முசிறி ஈராண்டுக் கலைவிழா, ஆஸ்பின்வால் மாளிகை முதலிய பழைய வணிகக் கிடங்குகளைக் காட்சியிடமாக்கிக் கலையை மீண்டும் ஊருக்குள் கொண்டுவந்தது. எனினும் பழங்கட்டடங்களின் படிகளும் சமனற்ற தரையும் சக்கர நாற்காலிக்குத் தடையாவன என்பதால், காட்சியைத் திட்டமிடும்போதே அணுகுவழியையும் திட்டமிடல் வேண்டும்.

முடிவுரை

சாய்தளம் உடலை வாயில்வரை கொணரும், படைப்பின் முன் நிறுத்தும், அதற்குமேல் செல்லாது. பொருளுணர்வுக்குச் சொல் வேண்டும். பிரெயில் குறிப்பு, சைகைமொழி விளக்கம், எளிய நடையில் அமைந்த குறிப்பட்டை, ஓவியத்தைச் சொற்களால் கட்டியெழுப்பும் ஒலி விளக்கம் ஆகியன இந்திய மொழிகள் ஒவ்வொன்றிலும் உருவாதல் வேண்டும். இப்பணியில் மொழித்துறைகளுக்குப் பங்குண்டு. வருணனை மரபில் தேர்ந்த தமிழாய்வாளர், பார்வையற்றோர்க்கு ஓர் ஓவியத்தை எவ்வரிசையில், எவ்வளவில் சொல்வது என்னும் வினாவை ஆய்வுப் பொருளாகக் கொள்ளலாம்.

பரங்குன்றத்து மண்டபத்தில் வினவியவர்க்கு விடைசொல்ல ஒருவர் அருகில் இருந்தார். அவ்வொருவரின் இடத்தை நம் கலைக்கூடங்களில் மீண்டும் நிரப்புவதே இன்று செய்யத்தக்கது.